அத்தைக்கு நான்கடி பத்து, கணவருக்கு ஆறடி: சோபா இருக்கையின் ஆழம் எவ்வளவு வைப்பது?

உறையூர் மருமகள்:
கூடத்துக்கு சோபா வாங்கப்போகிறோம். கடையில் பார்த்த மூன்று பேர் சோபா ஒன்று கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருக்கையின் ஆழம் 25 அங்குலம். அவர் ஆறடி உயரம். சாய்ந்து உட்கார்ந்தவருக்கு எழுந்து வரவே மனமில்லை. அத்தை நான்கடி பத்து அங்குலம்தான். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் வேறு. அவர் முதுகைச் சாய்த்தால் பாதம் தரையில் படவில்லை. பாதத்தை ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தையைப் படுக்கவைக்கும் அளவுக்கு இடம் கிடக்கிறது. இரண்டு தலையணை வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். பகல் முழுவதும் கூடத்தில் இருக்கப்போகிறவர் அத்தைதான், அதனால் அவருக்குச் சரிப்படாததை வாங்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சந்தேகம்: இணையத்தில் ஆழம் 34, 36 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். அது எந்த அளவு?

சிங்காநல்லூர் வாசகர்:
நானும் ஆறடிக்கு மேல். ஆழம் குறைந்த சோபாவில் தொடையின் பாதி வெளியே நிற்கும். அரைமணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். ஆழமானதையே வாங்குங்கள். தலையணை வைத்து ஆழத்தைக் குறைக்கலாம், கூட்டுவதற்கு வழியில்லை.

சோபா பட்டறை, மதுரை:
சகோதரி, முதலில் அந்த 36-க்குப் பதில். அது சோபாவின் முன்விளிம்பிலிருந்து முதுகுப்பலகையின் பின்புறம் வரை உள்ள மொத்த அளவு. கூடத்தில் எவ்வளவு இடம் அடைக்கும் என்பதற்கு மட்டும்தான் அது உதவும். நீங்கள் கேட்க வேண்டியது இருக்கையின் முன்விளிம்பிலிருந்து முதுகுக் குஷனின் முகம் வரை உள்ள அளவு. அதையும் கடைச் சீட்டில் பார்க்காதீர்கள். டேப்பை வைத்து, முதுகுக் குஷனைக் கையால் நன்றாக அழுத்திக்கொண்டு அளந்து பாருங்கள். பஞ்சு அடைத்த தளர்வான குஷன் என்றால் சாய்ந்ததும் உள்ளே போகும். நாளாக ஆகத் தட்டையாகிவிடும். வாங்கும்போது 22 அங்குலமாக இருந்த ஆழம் பிறகு 24 ஆகிவிடுவது அப்படித்தான்.

சோபாவை அளப்பதற்கு முன்னால் ஆட்களை அளக்க வேண்டும். என் பட்டறைக்கு யார் வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சாப்பாட்டு மேசை நாற்காலியில் அத்தையை முதுகு ஒட்டி நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். முதுகுப்பலகையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். அவர் உயரத்துக்கு 17-ஐ ஒட்டி வரும். அதில் இரண்டு விரல், மூன்று விரல் இடைவெளி விட்டால் மிச்சம் இருப்பதுதான் அவருக்கு வசதியான ஆழம். உங்கள் கணவரின் அளவு 20 அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். அவர் சாய்ந்து, காலை நீட்டி உட்காருபவர் என்றால் 22 தாராளம். 25 என்பது காலை மேலே தூக்கிப்போட்டுப் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறவர்களுக்கான அளவு. கடையில் சற்று நேரம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது சொர்க்கமாகத்தான் தெரியும்.

சிங்காநல்லூர் நண்பர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தலையணை ஆழத்தைக் குறைக்கும். ஆனால் ஆழமான சோபாக்களைப் பெரும்பாலும் தாழ்வாகவும் மெத்தென்றும், முதுகு நன்றாகப் பின்னால் சாய்ந்தும் செய்கிறார்கள். மூட்டு தேய்ந்தவர் அதிலிருந்து எழ, தலையணை எந்த உதவியும் செய்யாது. ஒவ்வொரு முறை எழும்போதும் அது சரியும்; குனிந்து சரிசெய்ய வேண்டியவரும் அவர்தான். பகல் முழுவதும் உட்காருகிற ஒருவரிடம் அப்படிக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

நான்கடி பத்துக்கும் ஆறடிக்கும் பொதுவாக ஓர் ஆழம் கிடையாது. மூன்று பேர் சோபாவை 22 அங்குலத்தில் செய்துகொள்ளுங்கள். அதே துணி, அதே மரத்தில் அத்தைக்கு ஒற்றை இருக்கை ஒன்றைத் தனியாக 15½ அங்குல ஆழத்தில் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் போட்டால் ஒரே செட்டாகத்தான் இருக்கும். ஊரில் ஆர்டருக்குச் செய்கிற எந்தப் பட்டறையும் இதை மறுக்காது.

உறையூர் மருமகள்:
மிக்க நன்றி அண்ணா. அளந்து பார்த்தேன். அத்தைக்கு 17, கணவருக்கு 20½. மகள் சப்பணமிட்டு உட்கார்ந்துதான் படிப்பாள். 22 அவளுக்குப் போதுமா? ஒற்றை இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? 18 அங்குலம்தான் சரி என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பிசியோதெரபி மாணவி:
உயரத்தைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. அத்தை செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து பாருங்கள். 18 அங்குலம் சராசரி உயரமுள்ளவர்களுக்குப் பொருந்தலாம். அத்தைக்குப் பாதம் முழுவதும் பதியாது. முழங்காலின் பின்குழியில் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் மேலோட்டமாகவே போகின்றன. இருக்கையின் விளிம்பு அங்கே அழுத்தினால் கால் மரத்துப்போகும். ஆழம் அதிகமானாலும் உயரம் அதிகமானாலும் அழுத்துகிற இடம் அதுதான். அதேசமயம் மிகவும் தாழ்வாக இருந்தால் எழும்போது முழங்காலுக்குச் சுமை கூடும். ஆகவே அவர் உட்கார்ந்து குஷன் அமுங்கிய பிறகு, இருக்கை அந்த மடிப்பளவுக்கோ அதைவிட ஓர் அங்குலம் மேலாகவோ நிற்கட்டும்.

இன்னொன்றை யாருமே கவனிப்பதில்லை. நாம் எழும்போது பாதத்தை முழங்காலுக்கு அடியில், சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதான் எழுகிறோம். இருக்கையின் முன்பக்கத்தைத் தரைவரை மூடிவிட்டால் குதிகால் இடித்து நின்றுவிடும். கீழே காலி இடம் விடச் சொல்லுங்கள். கைப்பிடி முன்விளிம்பு வரை வர வேண்டும். அதை ஊன்றித்தான் அத்தை எழுவார்.

சோபா பட்டறை, மதுரை:
நல்ல விளக்கம் சகோதரி. காலி இடம் நாலைந்து அங்குல உயரமாவது வேண்டும். துடைப்பம் போய்வரவும் வசதி.

மகளுக்கு 22 போதும். சப்பணமிட்டால் முழங்கால்கள் பக்கவாட்டில்தான் விரியும். அதனால் அவளுக்கு முக்கியம் அகலம். இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே அடைந்து கிடக்காமல் மூன்று பேர் சோபாவில் உட்காரட்டும்.

ஃபோம் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இருக்கைக்கு 40 டென்சிட்டி கேளுங்கள். விலையைக் குறைக்க 32 போடுகிறவர்கள் உண்டு. தினமும் பல மணி நேரம் ஒருவர் உட்காருகிற இடத்தில் அது சீக்கிரம் குழிந்துவிடும். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு மட்டுமே. கெட்டியா மெத்தென்றா என்பது வேறு, அதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அத்தையின் இருக்கைக்குக் கெட்டியான ஃபோம் வைத்து, மேலே ஓர் அங்குலம் மென்மையான ஃபோம் போட்டு, அதை முன்விளிம்பில் உருட்டிக் கீழே இறக்கச் சொல்லுங்கள். கூர்மையான விளிம்பு தொடையில் படாது. அடியில் எலாஸ்டிக் பெல்ட்டுக்குப் பதில் பிளைவுட் அடிக்கட்டும். பெல்ட் தளர்ந்தால் இருக்கையின் நடுப்பகுதி தாழ்ந்து, எழுவது கடினமாகிவிடும்.

துணி ஒட்டுவதற்கு முன்னால், சட்டமும் ஃபோமும் மட்டும் இருக்கும்போதே பட்டறைக்கு அத்தையை அழைத்துப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். அந்த நிலையில் அரை அங்குலம் கூட்டுவதோ குறைப்பதோ எங்களுக்குச் சிறிய வேலை. துணி அடித்த பிறகு கேட்டால் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.