புத்தகம் வருகிறது, ஃபேஸ்புக்கில் எப்படிக் கொண்டுபோவது?

வணக்கம் நண்பர்களே. என் சிறுகதைத் தொகுப்பு ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வருகிறது, பதிப்பாளர் சின்ன ஆள், விளம்பரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஃபேஸ்புக்கில் அட்டைப்படம் போட்டால் 'வாழ்த்துகள் தோழர்' குவிகிறது, வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பற்றி நாலு வரி எழுதினால் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து பேசுகிறார்கள்! அப்போ கதையிலிருந்தே துண்டு துண்டாகப் போடலாமா, இல்லை ஓசியில் படித்துவிட்டுப் போய்விடுவார்களா? இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க் கொடுத்தால் அழுத்தவே முடியாது, நம் பக்கத்தின் அறிமுகக் குறிப்பான பயோவில்தான் வைக்க வேண்டும், அங்கே போய்த் தேடி வாங்குகிறவர்கள் உண்டா? ரீல்ஸுக்கு முகம் காட்டக் கூச்சம், குரல் மட்டும் கொடுத்தால் எடுபடுமா? அப்புறம், காசு கட்டி பதிவை பூஸ்ட் செய்து, அதாவது விளம்பரமாக நிறையப் பேருக்குக் காட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், புத்தகம் விற்றதா?