பரோலில் இருப்பவரின் வீட்டுக்குத் தனியாகப் போக இந்தப் பயிற்சி போதுமா?

கேள்வி:
பரோல் அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் கண்காணிப்பில் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். தற்காப்புப் பிடிகளும் பெப்பர் ஸ்ப்ரேயும் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இது போதுமா?

பதில் 1:
போதாது. நான் பல வருடம் களத்தில் இருந்துவிட்டு இப்போது பயிற்சி கொடுக்கிறேன். கதவிலிருந்தே தொடங்குங்கள். நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். தட்டுவதற்கு முன் கொஞ்சம் காது கொடுங்கள்: சண்டைச் சத்தமா, நாயா, எத்தனை குரல்கள்? உள்ளே போனால் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் யாரும் வராத இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஆள் புதையும் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே நேரமாகும். சமையலறையில் பேச்சே வேண்டாம், கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஒருவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவார் என்று அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதினார். வீட்டுக்குள் அந்த 21 அடிகூடப் பெரும்பாலும் கிடைக்காது. ஸ்ப்ரேயை எடுக்க நேரமிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எதிரே இருப்பவரின் கைகள் எங்கே என்று பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

முக்கியமாக, நடித்துப் பார்க்கும் பயிற்சி கேட்டு வாங்குங்கள். என் வகுப்பில் ஒருவர், பரோலில் இருப்பவரின் தம்பி குடித்துவிட்டு வருவதுபோல நடிப்பார். அலுவலர், "சரி, மீதியை அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம்" என்று குரல் உயராமல் சொல்லி வெளியேற வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பழகாவிட்டால் பதற்றத்தில் அந்த ஒரு வாக்கியம் வராது.

பதில் 2:
போவதற்கு முன் கோப்பைப் படித்து, வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சக அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்கள் ஆபத்தில் இருப்பதை போனில் அவருக்குப் புரியவைக்கிற ஒரு சாதாரண வார்த்தையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டியை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பாதியில் கிளம்பி வந்தால் வேலையை முடிக்கவில்லை என்று மேலதிகாரி எழுதிவிடுவாரோ?

பதில் 1:
அதை இப்போதே அவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் புதியவர்கள் உள்ளேயே நின்றுவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதனால்தான் என் வகுப்புக்கு மேலதிகாரிகளையும் கூப்பிடுகிறேன். வெளியேறி வந்தவுடன் நடந்ததை அன்றே எழுதி வையுங்கள். அடுத்த முறை அங்கே இரண்டு பேராகப் போவதற்கு அது வேண்டும்.