பொருள்: மறு: லார்ட் – பன்றிக்கொழுப்பா, பன்றிநெய்யா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உணவியல் சொற்பட்டியலில் 'லார்ட்' (பன்றியின் கொழுப்பை உருக்கி வடித்து எடுப்பது) என்பதற்கு நேரே 'பன்றிக்கொழுப்பு' என்று எழுதி, அந்த வரியை முடிந்ததாகக் குறித்துவிட்டோம். அதைத் திரும்பத் திறக்கச் சொல்லித்தான் இந்த மடல். அங்கே 'பன்றிநெய்' என்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் மாலை நேரத்தில் சமையல் வகுப்பு எடுக்கிறேன். பாடக்குறிப்பு முழுக்கத் தமிழில் கொடுப்பது வழக்கம். போன மாதம் ஒரு குறிப்பில் 'பன்றிக்கொழுப்பு 50 கிராம் சேர்த்து மாவைப் பிசிறவும்' என்று எழுதியிருந்தேன். மாணவி ஒருவர் கறிக்கடையில் பன்றிக்கொழுப்பு கேட்டு வாங்கி, பச்சையாகவே பொடியாக நறுக்கி, மைதாவில் போட்டுப் பிசைந்துவிட்டார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. கறிக்கடைக்காரருக்குக் கொழுப்பு என்றால் தோலுக்கடியில் வெள்ளையாக இருக்கிற அந்தப் பகுதிதான். நான் சொல்ல நினைத்தது அதை உருக்கி, வடிகட்டி, ஆறவைத்து எடுத்த பொருளை. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதியது என் தவறு. பட்டியலில் இருக்கிற தவறும் அதேதான்.

உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் லேபிள் விதியைப் பாருங்கள். பன்றிக் கொழுப்பு, லார்ட், மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றை எப்போதும் அவற்றின் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும் என்கிறது. முதல் இரண்டையும் அங்கே தனித்தனியாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம் பட்டியலை வைத்து மொழிபெயர்த்தால் 'பன்றிக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு' என்று வந்து நிற்கும்.

'கொழுப்பு' என்ற சொல்லின் மேல் ஏற்கெனவே நிறையச் சுமை. உடம்பில் ஒட்டியிருக்கிற சதையும் கொழுப்பு, மாவுச்சத்து புரதம் என்ற வரிசையில் வருகிற சத்தும் கொழுப்பு, ரத்தப் பரிசோதனைத் தாளில் வருகிற கொலஸ்ட்ராலும் பத்திரிகைகளில் கொழுப்பு. வாய் நீண்டவனுக்கும் கொழுப்புதான். இதனால் 'கொழுப்பில்லாத எண்ணெய்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் முழுக்கவே கொழுப்பு, இல்லாதது கொலஸ்ட்ரால். அதனால் என் ஏற்பாடு இப்படி: சத்துக்குக் 'கொழுப்பு', ரத்தத்தில் அளப்பதற்குக் 'கொலஸ்ட்ரால்', உடலில் இருக்கும் பச்சைத் திசுவுக்கு 'நிணம்', உருக்கி எடுத்ததற்கு 'நெய்'.

நிணம் நான் உண்டாக்கிய சொல் அல்ல. பெரும்பாணாற்றுப்படையில், கள் அடுவோர் வீட்டில் நெல்மாவைத் தின்னக் கொடுத்துப் பல நாள் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண்பன்றியின் 'கொழுநிணத் தடி' பாணனுக்குக் கிடைக்கும் என்று வருகிறது. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு. நம் தொண்டை நாட்டிலேயே, கொழுப்பு ஏறட்டும் என்று பன்றியைத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார்கள். இந்தக் கறிக்கு அப்படியொரு பழைய மரியாதை இருந்திருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி நெய். குழுவில் வந்த மறுப்பு இது:

> நெய் என்பது கோயிலில் விளக்கேற்றும் பொருள். அதோடு பன்றியைச் சேர்த்தால் பலர் மனம் புண்படும். 'வராகக் கொழுப்பு' என்றால் நாகரிகமாக இருக்கும்.

ஐயாவின் அக்கறை புரிகிறது. ஆனால் நெய் என்ற சொல் பசுவுக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். அது பொதுப்பெயராகிப் போனதால் இன்று தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் என்கிறோம். நாட்டு மருந்துப் பேச்சில் மயில் நெய், கரடி நெய் என்றெல்லாம் உண்டு. (அவற்றை இன்று யாரும் தேடிப் போகக் கூடாது, சட்டப்படி குற்றம். சொல்லுக்காக மட்டும் சொல்கிறேன்.) மலையாளத்தில் இதே பொருளுக்குப் பன்னிநெய் என்றே பெயர்.

வராகம் என்று வைத்தால்தான் எனக்குக் கவலை. அது அவதாரத்தின் பெயர். அதைவிட முக்கியம், அது பொருளை மறைக்கிறது. எங்கள் தெருவில் பன்றி தொடாத முஸ்லிம் வீடுகளும் இருக்கின்றன, கறியே தொடாத வீடுகளும் இருக்கின்றன. பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் எடுக்கிற ஒருவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். 'பன்றி' என்ற சொல் முன்னால் நிற்பது அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை.

பொருள் மறைந்த பெயருக்கு வனஸ்பதியே உதாரணம். வடமொழியில் அது மரத்தைக் குறிக்கும் சொல். 1937-இல் டால்டா வந்த பிறகு, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவர எண்ணெய்க்கு அதுவே பெயராக வீடுகளில் நிலைத்துவிட்டது. டப்பாவுக்குள் இருந்தது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு அந்தப் பெயரில் ஒரு தடயமும் இல்லை.

'பன்றிநெய்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அகராதியில் அல்ல, அடுப்படியில். ரயில்வே வேலைக்காரர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. பக்கத்து வீடு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு ஆண்ட்டி நிணத்தை வாங்கி வந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் வைப்பார். தண்ணீர் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நிணம் உருகத் தொடங்குவதற்குள் அடி தீய்ந்துவிடாமல் அது காப்பாற்றுகிறது. தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. அது முழுக்க ஆவியானதும் சடசடப்பு அடங்கும், நெய் தெளியும், துண்டுகள் சுருங்கிப் பொன்னிறமாகும். அந்த நேரத்தில் இறக்கி மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். விட்டால் மஞ்சளாகி வாடை வந்துவிடும். வெண்ணெய் காய்ச்சும்போது ஓசை அடங்குவதைக் காதால் கேட்டு, முருங்கைக்கீரை போட்டு இறக்குகிறோம் இல்லையா, அதே கைப்பக்குவம்தான். ஆண்ட்டி அதை 'லார்ட்' என்றார். அவர் வீட்டில் வேலை செய்த அக்கா ஒரு யோசனையும் இல்லாமல் 'பன்னி நெய்' என்றார். செய்முறையைப் பார்த்துப் பெயர் வைத்தவர் அந்த அக்கா. வடிகட்டிய பிறகு துணியில் தங்குவதை 'முறுகல்' என்பார். உப்பும் மிளகும் தூவி, சூடாக எங்கள் கையில் கொடுப்பார். பட்டியலில் அதற்கும் 'முறுகல்' என்றே போடலாம்.

நெய் என்று பெயர் வைத்தால் சத்தை ஒப்பிட்டுப் பேசுவதும் எளிது. 100 கிராம் பன்றிநெய்யில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 39 கிராம், ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு சுமார் 45, பன்மை நிறைவுறாக் கொழுப்பு சுமார் 11. அந்த 45-இல் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம், கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் முன்னால் நிற்கிற அதே அமிலம். தேங்காயெண்ணெயில் நிறைவுற்றது 80 கிராமுக்கு மேல், வெண்ணெயில் சுமார் 51. கொலஸ்ட்ரால் பன்றிநெய்யில் சுமார் 95 மில்லிகிராம், வெண்ணெயில் 215. கொஞ்சம் வைட்டமின் டி-யும் உண்டு, வெயிலில் மேய்ந்த பன்றி என்றால் அது கூடும். இதை மருந்து என்று சொல்ல வரவில்லை. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 115 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம். ஒரு நாளில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் மேல்வரம்பு சுமார் 22 கிராம். கணக்குப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், பசுநெய்யைப் போலவே. ஆனால் 'பன்றிக்கொழுப்பு' என்ற சொல்லைக் கேட்டதுமே நெஞ்சைப் பிடிக்கிறோமே, அந்தப் பயத்துக்கு இந்த எண்களில் இடம் இல்லை.

மற்ற மொழிகளும் இந்தப் பொருளை இப்படித்தான் அணுகியிருக்கின்றன. சீன மொழியில் அதன் பெயருக்கு நேர்பொருள் பன்றி எண்ணெய். ஜெர்மன் மொழியின் 'ஷ்மால்ட்ஸ்' உருகுதல் என்ற வினையோடு உறவுள்ள சொல். ஸ்பெயினின் மயோர்கா தீவில் 'என்சைமாடா' என்று சுருள் ரொட்டி ஒன்று உண்டு. அந்த ஊர்ப் பேச்சில் 'சைம்' என்றால் பன்றிநெய், ரொட்டியின் பெயரே அதிலிருந்து வந்தது.

அப்புறம், 'ஷார்ட்டனிங்'. மாவில் சேர்த்து மொறுமொறுப்பு தருகிற எந்தக் கொழுப்புக்கும் அது பொதுப்பெயர். இதற்கு 'குறுக்கி' என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முறுக்கு மாவில் வெண்ணெயைப் போட்டு விரல்நுனியால் தேய்த்துக் கலப்பதற்குப் 'பிசிறுதல்' என்ற சொல் நம் வீடுகளில் இருக்கிறது. வேலை நடப்பதும் அங்கேதான். கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றிப் பூசிக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் மாவு இழுவையாகாது, வாயில் போட்டால் உதிரும். வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர் உண்டு. பன்றிநெய்யில் தண்ணீரே இல்லை, அதனால்தான் அதில் செய்த பண்டம் அவ்வளவு உதிர்கிறது. 'பிசிறுநெய்' என்றால் என் மாணவிகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற நிணம் தனி ரகம். அதிலிருந்து உருக்கிய நெய் அதிகக் கெட்டியாக நிற்கும், வாடையும் குறைவு, பேக்கரி வேலைக்கு அதுதான் முதல் தரம். முதுகு நிணத்து நெய் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேசையிலேயே குழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'இலை' என்று சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மடல் மடலாகப் பிரிகிற அதன் உருவத்துக்கு 'மடல்நிணம்' பொருந்துமோ என்று தோன்றுகிறது. ஆனால் இதை நாமாக உட்கார்ந்து உண்டாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில், வெட்டுகிறவரிடமே காட்டிக் கேட்டு எழுதுகிறேன். நாகர்கோவில், கோவைப் பக்கம் இருப்பவர்களும் உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள். அதுவரை அந்த ஒரு வரி காலியாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து