பழைய ஆட்டோமேட்டிக் கார்: சூடானதும் மூன்றாவது கியர் விழத் தயங்குகிறது

வணக்கம். நான்கு கியர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் கார். குளிர்ந்த நிலையில் கியர்கள் ஒழுங்காக மாறுகின்றன. நன்றாகச் சூடானதும்தான் தொல்லை: இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஆர்பிஎம் சட்டென்று ஏறுகிறது, வண்டி இழுப்பதில்லை, அப்புறம் ஒரு குலுக்கலோடு கியர் விழுகிறது.

கியர் ஆயில் அளவு சரி; ஆனால் நிறம் பழுப்பு, லேசான கருகல் வாடை. ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் வரவில்லை. ரிவர்ஸ் நன்றாகவே இழுக்கிறது. பல கியர்பாக்ஸ்களில் மூன்றுக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச்தான் என்பதால், கிளட்ச் தேய்மானத்தைவிட வால்வு பாடி (ஆயிலை அந்தந்தக் கிளட்சுக்குத் திருப்பிவிடும் பகுதி) அல்லது சோலனாய்டு (அந்த ஓட்டத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் வால்வு) மீதே எனக்குச் சந்தேகம்.

பிரிக்காமல் இதை உறுதிசெய்ய லைன் பிரஷர் டெஸ்ட் (கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தை அளக்கும் சோதனை) போதுமா? அதற்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றலாமா, அல்லது கிளட்ச் வழுக்கல் கூடிவிடுமா? இந்த வண்டியை விட மனமே இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.