கலைச்சொல் வேண்டல்: மந்தையைக் காக்கும் நாய்

அன்புடையீர்,

கால்நடை வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆடுகளோடு சேர்ந்தே வளர்ந்து, நரியும் ஓநாயும் அண்டாமல் காக்கும் நாயை எப்படி அழைப்பது? 'காவல்நாய்' என்றால் வாசலில் கட்டிக் கிடப்பது நினைவுக்கு வருகிறது. 'மேய்ப்பு நாய்' என்றால் பார்டர் கோலியைப் போல ஆட்டை உற்றுப் பார்த்து, பதுங்கி, விரட்டி மடக்குவது என்றாகிறது. மரேம்மா, காங்கால் போன்ற மந்தை காக்கும் நாயினங்களிடம் அந்த விரட்டும் குணம் இருக்கவே கூடாது.

*

'நிரைகாவல் ஞமலி' என்பதை முன்மொழிகிறேன்; நிரை என்பது மந்தை, ஞமலி என்பது நாய். நிரை கவரும் வெட்சியும் அதை மீட்கும் கரந்தையும் அறிந்த மொழியில் 'நிரை' யாருக்கும் அந்நியமன்று. கையேட்டில் 'நாய்க்குட்டி' என்றிருப்பின் 'குருளை' எனத் திருத்துக. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்கு வகுத்த பெயர் அதுவே.

*

ஐயா, அதே மரபியல் அடுத்த நூற்பாவில் நரிக்கும் குருளையைத் தருகிறது. காப்பதற்கும் கவர்வதற்கும் ஒரே பெயரானால் உழவர் எதை வளர்ப்பார்? அதற்கடுத்து 'குட்டியும் பறழும் கூற்றவண் வரையார்' என்று குட்டியையும் விலக்காமல் விடுகிறது. ஆட்டுப்பட்டியில் கிடப்பதைப் 'பட்டிநாய்' என்றால் எல்லாருக்கும் விளங்குமே.

*

'பட்டிமாடு' என்பது கட்டுக்கடங்காமல் திரியும் மாடு. மந்தையை விட்டு அகலாத நாய்க்கு அந்த அடைமொழி நேர்மாறாக ஒலிக்கும். மேலும், மலையாளத்தில் பட்டி என்பதே நாய்தான்.

*

சொல்லைவிட அச்சொல் உழவரை என்ன செய்யத் தூண்டும் என்பதையே நான் பார்க்கிறேன். 'காவல்' என்று கண்டவர் நாயைக் கடிக்கப் பழக்கவோ சங்கிலியில் கட்டவோ முற்படுவார். உண்மையில் ஏறக்குறைய 8 வார வயதில் குட்டியை ஆடுகளோடு விட்டு, அவற்றின் மணமும் உடலும் அதற்குப் பழகுமாறு செய்வதே வளர்ப்பின் அடிப்படை. 3 முதல் 16 வாரத்துக்குள் ஏற்படும் இப்பிணைப்பைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். இளம்பருவத்தில் அது விளையாட்டாகக் கம்பளி மயிரைப் பிடித்து இழுக்கும், ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும். அப்போதே தடுக்காவிட்டால் பழக்கமாகிவிடும். ஏறத்தாழ 2 வயது வரை அதை முழுமையாக நம்பித் தனியே விடலாகாது. வளர்ந்தபின்கூடக் குரைத்தும், எல்லையில் சிறுநீரால் அடையாளமிட்டும், ஆடுகளுக்கும் வேட்டை விலங்குக்கும் நடுவில் போய் நின்றுமே பெரும்பாலும் விரட்டுகிறது; சண்டை கடைசி வழி. ஆகவே 'காவல்' வேண்டா, 'மந்தைநாய்' போதும்.

*

ஆனால் 'மந்தைநாய்' என்றால் நாய்களின் மந்தை என்றும் கொள்ள இடமுண்டு.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் சலிப்புடனேனும் ஏற்றதால் 'மந்தைக்காவல் நாய்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கட்டிப் போடலாகாது என்பதை முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன்.

*

ஞமலியை விட்டுக்கொடுக்கிறேன், நிரையை விட்டுக்கொடுப்பதற்கில்லை. மறுபதிப்பின்போது இதை மீண்டும் எழுப்புவேன்.