புதுப்பிப்பு: பேரிக்காய், வெள்ளைக் காளான் சூப் இம்முறை குழைந்து வந்தது

வறண்ட இலையுதிர் காலத்தில் நுரையீரலுக்கு ஈரமூட்டும் என்று சீன மரபு மருத்துவம் கருதும் இந்த இனிப்பு சூப், எனக்குத் தண்ணீராகவே நின்றுவிட்டதென முன்பு எழுதியிருந்தேன். உலர்ந்த வெள்ளைக் காளானை (கடைகளில் கிடைக்கும் சாதாரண பட்டன் காளான் அல்ல, ட்ரெமெல்லா எனப்படும் பூப்போன்ற காளான்) வெந்நீரில் அவசரமாக நனைத்ததே பிழை. இம்முறை குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, கடினமான மஞ்சள் அடிப்பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சியதை மிகச் சிறிதாகக் கிள்ளிப் போட்டு, மெல்லிய தீயில் ஒன்றரை மணி நேரம் காய்ச்சியபோது அது கஞ்சிபோலக் கொழகொழப்பானது. பேரிக்காயைக் கடைசி அரை மணியிலும், கோஜி எனும் சிறு சிவப்பு உலர்பழத்தையும் கற்கண்டையும் கடைசிப் பத்து நிமிடத்திலும் சேர்த்தேன்.

காளானை இரவு முழுவதும் குளிர்பெட்டிக்கு வெளியே ஊறவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், ஏனெனில் அப்படி ஊறும் காளானில் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கக்கூடிய பாங்க்ரெகிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு, எவ்வளவு கொதித்தாலும் அழியாது.