முதல் பிக்கில் பணத்தை மிச்சம் பிடிக்கும் கணக்கு எப்படி?

மூன்றாம்தளம்:
எம்.எல்.பி. (அமெரிக்க பேஸ்பால் லீக்) டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில், முதல் பத்து ரவுண்டில் ஒவ்வொரு பிக்குக்கும் (ஒரு தேர்வு முறைக்கும்) லீக் குறித்த ஒரு ஸ்லாட் தொகை உண்டு, அவற்றின் கூட்டுத்தொகைதான் அணி இவர்களுக்குக் கையெழுத்துப் பணமாகச் செலவழிக்கக்கூடிய போனஸ் பூல் என்பது வரை புரிகிறது. ஆனால் உச்சியில் பிக் வைத்திருக்கும் அணி, எல்லோரும் முதலிடம் கொடுக்கும் பையனை விட்டுவிட்டு இன்னொருவனை எடுப்பது ஏன்? அப்படி மிச்சமாகும் பணம் கீழே உண்மையிலேயே உதவுகிறதா? 9, 10-ஆம் ரவுண்டுகளில் கல்லூரி இறுதியாண்டு ஆட்டக்காரர்களாகவே எடுக்கிறார்களே, அதுவும் இதில் சேர்த்தியா?

கர்வ்பால்:
சேர்த்திதான். இதற்கு நல்ல பாடம் பூல் முறை வந்த முதல் வருடமான 2012. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸிடம் முதல் பிக், ஸ்லாட் 72 லட்சம் டாலர். பைரன் பக்ஸ்டன், மார்க் அப்பெல் பெயர்கள்தான் அதிகம் அடிபட்டன. ஹியூஸ்டனோ கார்லோஸ் கொரேயாவை எடுத்து 48 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கியது. மிச்சம் 24 லட்சம். 41-ஆவது பிக்கில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு ஸ்லாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, 25 லட்சம் கொடுத்தார்கள். நாலாவது ரவுண்டில் ரியோ ருயிஸுக்கு 18.5 லட்சம். இருவரும் பள்ளி முடித்து, கல்லூரியில் சேர ஒப்புக்கொண்டிருந்தவர்கள். ஸ்லாட் தொகைக்கு அசைந்திருக்கவே மாட்டார்கள். கொரேயாவும் மெக்கல்லர்ஸும் பிறகு அந்த அணிக்கு எவ்வளவு ஆடினார்கள் என்று பார்த்தால் போதும்.

இறுதியாண்டு ஆட்டக்காரர்களிடம் பேரம் பேசும் பலம் இல்லை. மூன்றாம் ஆண்டுக்காரர் 'போதாது' என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பலாம். இவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். பத்தாவது ரவுண்டு ஸ்லாட் இப்போது ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல், இவர்களோ ஐயாயிரம், பத்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். 7 முதல் 10 வரை நாலு பேரை இப்படி எடுத்தாலே ஐந்து லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும்.

இடதுகை:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் பத்து ரவுண்டில் எடுத்த ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால், அவருடைய முழு ஸ்லாட்டும் பூலில் இருந்து கழிந்துவிடும். இந்தத் திட்டம் உடைவது அங்கேதான். 80 லட்சம் ஸ்லாட்டில் 65 லட்சத்துக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார், மிச்சமாகும் 15 லட்சத்தை வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். முதல் ஆள் விலகினால் 80-ம் போகும். வாக்குக் கொடுத்த 15 லட்சத்துக்கு ஆதாரமே இருக்காது.

2014-இல் அதே ஹியூஸ்டனுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். முதல் பிக் பிராடி ஐக்கன், ஸ்லாட் சுமார் 79 லட்சம், பேசி முடித்தது 65 லட்சம். மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநார் பற்றிச் சந்தேகம் வந்து அணி தொகையைக் குறைத்தது, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மிச்சத்தை நம்பி ஐந்தாவது ரவுண்டு ஜேக்கப் நிக்ஸுக்குப் பேசியிருந்த 15 லட்சமும் கவிழ்ந்தது. தப்பே செய்யாத பையன் நடுத்தெருவில் நின்றான். எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம் அது. முதல் மூன்று ரவுண்டுக்குள் கையெழுத்தாகாத பிக்குக்கு அடுத்த வருடம் ஈடு கிடைக்கும் என்பதால், 2015-இல் இரண்டாவது பிக் வந்தது, அதில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தார்கள். அணி பிழைத்துக்கொண்டது. நிக்ஸுக்கோ முறையீடு செய்த பிறகுதான் அணியோடு ஒரு சமரசம் ஏற்பட்டது.

ஆகவே வரிசை முக்கியம். மிச்சம் தரப்போகிறவர்களின் பரிசோதனையும் கையெழுத்தும் முதலில். கூடுதல் தொகை வாங்குபவர்கள் அதற்குப் பிறகு.

மூன்றாம்தளம்:
நன்றி, இப்போது தெளிவாகிறது. பூலை மீறவே கூடாதா? 11-ஆவது ரவுண்டுக்குப் பிறகு கணக்கு எப்படி?

கர்வ்பால்:
மீறலாம், 5 சதவீதம் வரை. மீறிய தொகைக்கு 75 சதவீத வரி, அவ்வளவுதான். பூல் ஒரு கோடி என்றால் 5 லட்சம் கூடுதலாகச் செலவழித்து, 3.75 லட்சம் வரி கட்டலாம். நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு அது மலிவு, நிறைய அணிகள் இந்த இடத்தைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. 5-ஐத் தாண்டினால் அடுத்த முதல் ரவுண்டு பிக்கே போய்விடும். அந்த எல்லையை யாரும் தாண்டுவதில்லை.

11 முதல் 20 வரை ஆளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை பூலில் சேராது, அதற்கு மேல் கொடுப்பது மட்டும் சேரும். இங்கே கையெழுத்தாகாவிட்டாலும் பூல் குறையாது. அதனால் பெரிய தொகை கேட்கும் பள்ளிப் பையன்கள் இரண்டு பேரை 11, 12-இல் எடுத்து வைப்பது நல்லது. மேலே ஒரு பேரம் எதிர்பார்த்ததைவிட மலிவாக முடிந்தால் அந்தப் பணத்தை இவர்களிடம் கொண்டுபோகலாம்.

இடதுகை:
ஃப்ரீ ஏஜென்ட்களை (பழைய அணியோடு ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை) வாங்கி, அதற்கு ஈடாக உயர் பிக்குகளை இழந்த அணிக்கும் இது பொருந்தும். 2022-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு இரண்டாவது, மூன்றாவது ரவுண்டே இல்லை. மூன்றாவது பிக்கில் குமார் ராக்கரை 52 லட்சத்துக்கு எடுத்தார்கள், ஸ்லாட் ஏறக்குறைய 76 லட்சம். மிச்சத்தில் நாலாவது ரவுண்டு பிராக் போர்ட்டருக்கு 37 லட்சம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பெயர் கூப்பிடுவதற்கு முன்பே அந்த ஆளின் தொகை என்ன என்று முகவரிடம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எடுத்த பிறகு கேட்டால், உங்கள் பூலில் எவ்வளவு மிச்சம் என்று அவரும் கூட்டிப் பார்த்திருப்பார்.